ஷாம்பூவை விடுங்கள், மஞ்சள்தூளைப் பாருங்கள்: வீட்டுக் காரீயமும் குழந்தையின் மூளையும்

வீட்டில் புழங்கும் ரசாயனங்கள் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்குமா? சில கெடுக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களில் ஷாம்பூ, நான்ஸ்டிக் தவா, பிளாஸ்டிக் டப்பா எல்லாம் இருக்கும். முதலில் இருக்க வேண்டிய பெயர் மட்டும் இருக்காது. அது காரீயம், ஆங்கிலத்தில் லெட். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக, பல நாடுகளில், ஆயிரக்கணக்கான குழந்தைகளிடம் அளந்து பார்த்து உறுதியானது காரீயத்தின் கெடுதல். வீட்டிலேயே பெருமளவு தடுக்கக்கூடியதும் அதுதான். கவலைப்படுவதற்கு நம்மிடம் நேரமும் பணமும் கொஞ்சம்தான் என்றால், அதை முதலில் இங்கே செலவழிக்கலாம்.

பிறக்கும்போது குழந்தையின் மூளை பெரியவர் மூளையில் ஏறக்குறைய கால் பங்கு அளவு. இரண்டு வயதுக்குள் முக்கால் பங்கை எட்டிவிடும், ஐந்தாறு வயதில் தொண்ணூறு சதவீதம் வந்துவிடும். இந்தக் காலத்தில் நரம்பு செல்கள் தேவைக்கும் அதிகமாக ஒன்றோடொன்று இணைகின்றன. பிறகு புழக்கத்தில் உள்ள இணைப்புகள் உறுதிப்படும், மற்றவை கழிக்கப்படும். எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்ற தீர்மானம் செல்களுக்கிடையே ஓடும் சைகைகளைப் பொறுத்தது. அந்தச் சைகைகளுக்குக் கால்சியம் வேண்டும்.

காரீயம் கெடுதல் செய்வது இந்த இடத்தில்தான். அதன் அயனியும் கால்சியம் அயனியும் ஒரே மின்னூட்டம் கொண்டவை. கால்சியத்துக்குத் திறக்கும் பாதைகள் காரீயத்துக்கும் திறந்துவிடுகின்றன. உள்ளே போனதும் கற்றலுக்கும் நினைவுக்கும் வேண்டிய, சைகையைப் பெறும் வாங்கிகளை அது அடைத்துக்கொள்கிறது, வேண்டாத நேரத்தில் சைகைகளைக் கிளப்பிவிடுகிறது. ரத்தத்தில் இருப்பதையெல்லாம் மூளைக்குள் விடாமல் வடிகட்டும் தடுப்பும் சின்னக் குழந்தைகளிடம் முழுதாக முதிர்ந்திருப்பதில்லை.

இதற்கு மேல், விழுங்கிய காரீயத்தில் பெரியவர் குடல் உறிஞ்சுவதைப்போல நான்கு ஐந்து மடங்கைக் குழந்தையின் குடல் உறிஞ்சிக்கொள்கிறது. தரையில் தவழ்வது, கையில் கிடைத்ததை வாயில் வைப்பது இரண்டும் அந்த வயதின் வேலை. ரத்தத்தில் காரீயம் பாதியாகக் குறைய ஒரு மாதம் ஆகும் என்றால், எலும்பில் இருபது முப்பது ஆண்டுகள் ஆகும். ஒரு பெண் சிறுவயதில் எலும்பில் சேர்த்துவைத்தது, அவள் கருவுறும்போது கால்சியத்தோடு சேர்ந்து வெளியே வந்து நஞ்சுக்கொடியைத் தாண்டி அடுத்த தலைமுறைக்கும் போகிறது.

எவ்வளவு இருந்தால் ஆபத்து?

1979இல் ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற அமெரிக்க மருத்துவர், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் செல்சி, சாமர்வில் ஊர்களில் பள்ளிக் குழந்தைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து, பற்களில் இருந்த காரீயத்தை அளந்தார். அளவு கூடியவர்களுக்கு நுண்ணறிவு மதிப்பெண் குறைவாகவும் கவனம் சிதறுவது அதிகமாகவும் இருந்தது. அந்தக் குழந்தைகள் யாரும் நோயாளிகள் இல்லை. வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தார்கள். அதற்குப் பிறகு "பரவாயில்லை" என்று சொல்லும் அளவு இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அமெரிக்காவில் 1960களில் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிக்கு, 60 மைக்ரோகிராம் வரை பொறுத்துக்கொண்டார்கள் (ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). 1991இல் அது 10 ஆனது, 2012இல் 5, 2021இல் 3.5. உலக சுகாதார நிறுவனம், 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் காரீயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது. பாதுகாப்பான அளவு என்று எதையும் அது சொல்லவில்லை.

2005இல் வெளியான ஓர் ஆய்வு, ஏழு வெவ்வேறு ஆய்வுகளில் இருந்த 1,333 குழந்தைகளின் கணக்கை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. ரத்தக் காரீயம் 2.4இலிருந்து 10 ஆகும்போது நுண்ணறிவு மதிப்பெண்ணில் 3.9 புள்ளி குறைந்தது. 10இலிருந்து 20 ஆகும்போது 1.9. 20இலிருந்து 30 ஆகும்போது 1.1தான். அதாவது முதலில் சேரும் கொஞ்சம்தான் அதிகம் பறிக்கிறது. "கொஞ்சம்தானே" என்ற பேச்சு காரீயத்திடம் எடுபடாததற்கு இதுதான் காரணம்.

நான்கு புள்ளி குறைந்ததை ஒரு குழந்தையிடம் எந்தத் தாயும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வயிற்றுவலி, மலச்சிக்கல், வாந்தி, வலிப்பு எல்லாம் அளவு மிகவும் ஏறிய பிறகு வருபவை. யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் சுமார் 27.5 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருக்கக்கூடும் என்று கணக்கிட்டது. பெட்ரோலில் காரீயம் கலப்பது 2000ஆம் ஆண்டோடு நாடு முழுக்க நின்றுபோனது. அப்படியானால் இவ்வளவும் எங்கிருந்து வருகிறது?

மஞ்சள்

லெட் குரோமேட் என்பது காரீயம் உள்ள, பளீரென்ற மஞ்சள் நிறப் பெயின்ட்டுக்கான சாயம். மங்கிய, புழு அரித்த மஞ்சளைப் புத்தம்புதிதாகக் காட்ட, விரலி மஞ்சளைப் பாலிஷ் போடும் டிரம்மில் அதைத் தூவிவிடுவது தெற்காசியாவின் சில சந்தைகளில் இருந்துவரும் பழக்கம். இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் மஞ்சளைச் சோதித்து 2024இல் வந்த ஆய்வில், ஏறக்குறைய ஏழில் ஒரு மாதிரியில் கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருந்தது. பாட்னா, கராச்சி, பெஷாவர் மாதிரிகள் சிலவற்றில் 1,000 மைக்ரோகிராமைத் தாண்டியது.

கணக்கை வீட்டுச் சமையலில் வைத்துப் பார்ப்போம். சாம்பார், பொரியல், கூட்டு எல்லாம் சேர்த்து ஒரு குழந்தையின் தட்டில் நாளுக்கு அரை கிராம் மஞ்சள்தூள் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கால் டீஸ்பூனுக்கும் குறைவு. கிராமுக்கு 1,000 மைக்ரோகிராம் உள்ள தூள் என்றால் தினம் 500 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. உணவு வழியாகக் குழந்தைக்கு ஒரு நாளில் போகக்கூடாத அளவாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வைத்திருப்பது 2.2 மைக்ரோகிராம். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் மஞ்சளுக்கு அனுமதிக்கும் உச்சம் 10 பிபிஎம், அதாவது கிராமுக்கு 10 மைக்ரோகிராம். அந்த வரம்பைத் தொட்டுநிற்கும் தூளில்கூட அரை கிராமுக்கு 5 மைக்ரோகிராம் வந்துவிடுகிறது. சட்டப்படி சரியான பாக்கெட்டே இரண்டு மடங்குக்கு மேல் என்றால், உதிரியாக விற்கும் தூளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் செய்யக்கூடியது: பாலிஷ் போடாத விரலி மஞ்சளாக வாங்குங்கள். மேல்தோல் சொரசொரப்பாக, பழுப்பு கலந்த மங்கல் நிறத்தில் இருக்க வேண்டும். கையில் எடுத்ததுமே விரலெல்லாம் மஞ்சளாக ஒட்டினால் வேண்டாம். நான்கைந்து விரலியைக் கண்ணாடி டம்ளரில் நிற்கும் தண்ணீரில் போட்டு, கலக்காமல் பாருங்கள். மேலே சாயம் பூசியிருந்தால் உடனே மஞ்சள் நிறம் பிரிந்து இறங்கும். நல்ல மஞ்சளில் தண்ணீர் அநேகமாகத் தெளிவாகவே நிற்கும். இந்தச் சோதனையில் தேறியது சுத்தமானது என்று சொல்லிவிட முடியாது, தேறாததை ஒதுக்க மட்டுமே இது உதவும். பிறகு கழுவி, நன்றாகக் காயவைத்து மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளலாம். அரைத்த தூளில் சந்தேகம் வந்தால் டம்ளர் சோதனை பயன்படாது, உணவு ஆய்வகத்தில் கொடுத்துக் காரீய அளவைக் கேட்பதுதான் வழி.

இதைத் தடுக்க முடியாது என்று யாராவது சொன்னால் வங்கதேசத்தைக் காட்டலாம். அங்கே 2019இல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் காரீயம் இருந்தது. அரசு எச்சரித்து, சந்தைகளில் கையடக்கக் கருவியோடு சோதனை போட்டு, அபராதம் விதித்தது. 2021இல் அது பூஜ்யம்.

பெயின்ட்

கதவு, ஜன்னல் கம்பி, இரும்புக் கட்டில், கேட் இவற்றுக்கு அடிக்கும் எனாமல் பெயின்ட்தான் கவனிக்க வேண்டியது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை நிறங்களுக்குச் சாயமாகவும், சீக்கிரம் காய்வதற்கும், இரும்பு துருப்பிடிக்காமல் இருப்பதற்கும் காரீயச் சேர்மங்களைச் சேர்த்தார்கள். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டுக்கு 90 பிபிஎம் என்ற வரம்பு 2016இல் விதியாகி, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்தது அப்படியே கீழ்அடுக்கில் இருக்கிறது. நூற்றுக்கு ஒரு பங்கு காரீயம் உள்ள பழைய பெயின்ட்டில் 0.1 கிராம் எடையுள்ள ஒரு செதில் உரிந்து வாய்க்குள் போனால், அதில் மட்டும் 1,000 மைக்ரோகிராம்.

உரியாமல் கெட்டியாக இருக்கும் பெயின்ட்டால் தொல்லை இல்லை. ஜன்னல் கதவு உரசித் திறக்கும் இடம், வெயிலும் மழையும் பட்டு வெடித்த இடம், குழந்தை நின்று கடிக்கும் கம்பி ஆகியவைதான் ஆபத்து. அதைவிடப் பெரிய ஆபத்து பொங்கலுக்கு முன் வரும் மராமத்து. பழைய பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பறக்கும் தூள் வீடு முழுக்கப் படியும். மாதங்கள் கழித்தும் அது தரையில், பாயில், பொம்மையில் இருக்கும். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் வளைகாப்புக்காகப் பெயின்ட் அடிப்பதும் இந்த வகைதான். யோசித்துச் செய்ய வேண்டியது.

உரியாத இடத்தைச் சுரண்டவே வேண்டாம், சோப்புத் தண்ணீரில் துடைத்து மேலேயே புதுப் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். சுரண்டியே ஆக வேண்டிய இடத்தில் தண்ணீர் தெளித்து, ஈரத்திலேயே தேய்க்க வேண்டும். அதற்கென்று தண்ணீர் தாங்கும் உப்புத்தாள் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். நெருப்பு ஊதியால் பெயின்ட்டைக் கருக்கி உரிக்க விடாதீர்கள், காரீயம் புகையாகவே கிளம்பும். கீழே கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பு, அறைக்கதவை மூடிக்கொள்வது, குழந்தைகளும் கர்ப்பிணியும் வேலை முடிந்து சுத்தம் செய்து முடிக்கும்வரை வேறு வீட்டில். பிறகு பெருக்கக் கூடாது. துடைப்பம் பட்டால் நுண்தூள் மறுபடி எழும்பும். சோப்புத் தண்ணீர் ஒரு வாளி, அலசும் தண்ணீர் ஒரு வாளி, துணி. மேலிருந்து கீழாக இரண்டு தடவை துடைத்து, தண்ணீரை அடிக்கடி மாற்றி, கடைசியில் துணியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். உரித்த செதில்களையும் பழைய பெயின்ட் அடித்த கட்டையையும் போகி நெருப்பில் போடுவது, சுரண்டியதைவிட மோசம்.

சாதாரண நாட்களிலும், குழந்தை தவழும் வீட்டில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஈரத்துணியால் தரையையும் ஜன்னல் திட்டையும் துடைத்தால் போதும். சாப்பிடும் முன்னும் தூங்கும் முன்னும் சோப்பு போட்டுக் கை கழுவிவிடுங்கள்; சானிடைசர் கிருமியைக் கொல்லும், காரீயத்தை அகற்றாது.

பாத்திரம், கண் மை, அப்பாவின் சட்டை

ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது, அதனால் கெடுதல் இல்லை. ஆனால் வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் மலிவு, இரண்டும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்று. கலப்படம் நடப்பது அதனால்தான், புளியும் தக்காளியும் காரீயத்தைக் கரைத்து எடுக்கக்கூடியவை. சொம்பின் விளிம்பை வெள்ளைத்தாளில் அழுத்தி இழுத்துப் பாருங்கள், பென்சில் கோடுபோல் சாம்பல் நிறத் தீற்றல் விழுந்தால் அதில் ரசம் வைக்க வேண்டாம். தீற்றல் விழவில்லை என்பதால் சுத்தம் என்றும் அர்த்தமில்லை. சின்னக் குழந்தைக்கு ரசம் எவர்சில்வர் பாத்திரத்திலேயே இருக்கட்டும், மணத்தை இரண்டு வருடம் தியாகம் செய்யலாம். பித்தளைக்கு உள்ளே ஈயம் பூசுபவர் என்ன ஈயம் பூசுகிறார் என்று கேட்பதும் இதே காரணத்துக்குத்தான்.

பழைய இன்ஜின் பாகம், கம்பி, தகரம் என்று கிடைத்ததை உருக்கி வார்க்கும் மலிவு அலுமினியப் பாத்திரங்களிலும் காரீயம் வருகிறது. இண்டாலியம் என்ற பெயரில் விற்கும் சில இறக்குமதிப் பாத்திரங்களில் காரீயம் கசிவதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 ஆகஸ்டில் எச்சரித்தது. பளபளப்புப் பூசிய, எங்கே செய்தது என்று தெரியாத ஊறுகாய் ஜாடியும் இந்த வரிசைதான். எவர்சில்வர், வார்ப்பிரும்பு, கண்ணாடி, பூச்சில்லாத மண்சட்டி பயப்படத் தேவையில்லாதவை.

கண்ணில் இடும் சுர்மா பல நேரம் நேரடியாகக் காரீயத் தாதுவை அரைத்த தூள். குழந்தை கண்ணைக் கசக்கி, அந்தக் கையை வாயில் வைக்கும். கடை மை, சுர்மா எதுவும் குழந்தையின் கண்ணுக்குள் தேவையில்லை. சில செந்தூரங்களில் ஆரஞ்சு நிறம் காரீய ஆக்சைடிலிருந்து வருகிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த குங்குமத்தில் அது இல்லை. நெற்றியில் வைத்த செந்தூரம் குழந்தையின் கைக்கு வர நேரம் ஆகாது.

வீட்டில் யாராவது பேட்டரி, இன்வெர்ட்டர், ரேடியேட்டர், பெயின்ட், ஈயப்பற்று வேலை செய்தால், தூள் அவர்களின் சட்டையிலும் முடியிலும் வீட்டுக்கு வரும். வேலை இடத்திலேயே குளித்து உடை மாற்றுவது நல்லது. முடியாவிட்டால் வீட்டுக்கு வந்ததும் முதலில் குளியல், பிறகுதான் குழந்தையைத் தூக்குவது. அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

இரும்புச்சத்து

இரும்பைக் குடலில் உள்ளே எடுத்துச் செல்லும் அதே புரதம் காரீயத்தையும் எடுத்துச் செல்கிறது. உடலில் இரும்பு குறைந்தால் அந்தப் புரதம் பெருகும், காரீயமும் கூடுதலாக ஏறும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். ரத்தசோகையுள்ள குழந்தை மண்ணையும் சுவரையும் சுரண்டித் தின்பதும் உண்டு, இரண்டும் சேர்ந்தால் மோசம். கேழ்வரகு, கீரை, பயறு, முட்டை, கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ கொடுங்கள். வெறும் வயிற்றில் காரீயம் அதிகம் ஏறுவதால், குழந்தையை நெடுநேரம் பட்டினி போடாமல் வேளைக்கு ஊட்டுவதும் ஒரு தடுப்பு.

எப்போது ரத்தம் பரிசோதிக்க வேண்டும்?

பழைய பெயின்ட் உரியும் வீடு, சமீபத்தில் சுரண்டி மராமத்து செய்த வீடு, காரீய வேலை செய்பவர் உள்ள வீடு, மண் தின்னும் குழந்தை, காரணம் புரியாத ரத்தசோகை: இவற்றில் ஏதாவது இருந்தால் ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் ரத்தக் காரீயம் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். நரம்பில் எடுத்த ரத்தமே நம்பகமானது. விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூளே அளவை ஏற்றிக்காட்டும். தலைமுடி சோதனையை நம்பி முடிவெடுக்க முடியாது.

3.5 அல்லது 5 வந்தால் மருந்து கிடையாது. காரீயம் வரும் வழியைத் தேடி அடைத்து, ஒன்று முதல் மூன்று மாதத்தில் மறுபடி பார்ப்பதே வைத்தியம். எலும்பிலிருந்து கசிந்துகொண்டிருக்கும் என்பதால் எண் மெதுவாகத்தான் இறங்கும். 45க்கு மேல் என்றால் காரீயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்து தேவைப்படும். 70 என்றால் அவசர சிகிச்சை. 45க்குக் கீழே அந்த மருந்து பயன்படுமா என்று 780 குழந்தைகளிடம் பார்த்தார்கள். 20 முதல் 44 வரை இருந்தவர்கள். 2001இல் முடிவு வந்தது: ரத்தத்தில் எண் இறங்கியது, மூளைத் திறனில் முன்னேற்றம் இல்லை. ஆகவே கொத்தமல்லிச் சாறு, டீடாக்ஸ் பொடி என்று விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மற்றவை, சுருக்கமாக

பச்சைக் குழந்தையின் துணி இருக்கும் பீரோவில் அந்துருண்டை வைக்கவே கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைந்த குழந்தைகளுக்கு அந்துருண்டையின் நாப்தலீன் ஆவி பட்டாலே ரத்த அணுக்கள் உடையக்கூடும், மஞ்சள்காமாலை எகிறக்கூடும், காமாலைக்குக் காரணமான பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் மூளையில் படிந்து நிரந்தரச் சேதம் செய்யக்கூடும். அந்தக் குறைபாடு இருப்பது பிறந்த வாரத்தில் பலருக்குத் தெரிவதில்லை. பெட்டியில் வைத்திருந்த பழைய துணியைத் துவைத்து, வாசனை போகும்வரை வெயிலில் போட்ட பிறகே போர்த்துங்கள்.

கரையானுக்கு அடிக்கும் குளோர்பைரிஃபாஸை அமெரிக்கா வீடுகளுக்குள் நிறுத்தத் தொடங்கியது 2000இல். கர்ப்பத்தில் அது பட்ட நியூயார்க் குழந்தைகளிடம் நுண்ணறிவு மதிப்பெண் குறைந்ததைக் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. கர்ப்பமாக இருக்கும்போதும் கைக்குழந்தை உள்ளபோதும் வீட்டுக்குள் கரையான் மருந்து அடிப்பதைத் தள்ளிப்போடுங்கள். கொசுவத்தி ஒன்று எரிந்து தீரும்போது வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003 ஆய்வு ஒன்று அளந்தது. கொசுவலையில் புகை இல்லை, டெங்குக் கொசு பகலில் கடிப்பதால் பகல் தூக்கத்துக்கும் வேண்டும்.

பாதரசத்தில் நம் ஊருக்கென்றே ஒரு விஷயம் உண்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற பால்சுறா புட்டு. சுறா மற்ற மீனைத் தின்று வாழும் மீன், மீத்தைல் பாதரசம் அதன் சதையில் சேர்ந்துகொண்டே போகும், தாய்ப்பாலிலும் கொஞ்சம் வரும். கர்ப்பிணிக்கும் பால்கொடுப்பவருக்கும் மத்தியும் நெத்திலியும் கொடுங்கள். மூளைக்கு வேண்டிய கொழுப்பு அதில் தாராளம், பாதரசம் குறைவு. லேபிள் இல்லாத சிவப்பழகு கிரீமையும் தூக்கிப் போடுங்கள், பலவற்றில் வெளுக்கவைப்பதே பாதரசம்தான்.

பிளாஸ்டிக்கில் இருந்து வரும் தாலேட், பிஸ்பினால் என்ற ரசாயனங்களைப் பற்றிய ஆதாரம் காரீயம் அளவுக்கு உறுதியானதில்லை. கொதிக்கும் சாம்பாரைக் கவரில் கட்டி வாங்காமல் தூக்குவாளி கொண்டுபோவது, குழந்தையின் பாலைப் பிளாஸ்டிக்கில் சூடாக்காமல் எவர்சில்வரில் சூடாக்குவது, இந்த இரண்டும் இப்போதைக்குப் போதும்.